தபால் நிலையப் பலகைதான் அழைப்பிதழ்: சஸ்காட்சுவான் சிற்றூருக்குக் குடிவருபவர்களுக்கு

அழையாத வீட்டுக்குள் நுழையாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். விசேஷம் என்றால் வீடு தேடி வந்து கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் விட்டால் அது வருஷக்கணக்கில் நீளும் மனஸ்தாபம். அந்தப் பழக்கத்தோடுதான் நாங்களும் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில், சுமார் 600 பேர் வாழும் ஊருக்கு வந்து சேர்ந்தோம். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. முதல் குளிர்காலம் முழுக்க ஊரில் யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. நம்மை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டோம். மார்ச் மாதம் ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மா தபால் நிலையத்தில் என்னை நிறுத்தி, ஊர்ப் பொது ஹாலில் மூன்று தடவை சாப்பாடு வைத்தோமே, ஒன்றுக்கும் நீங்கள் வரவில்லையே, எங்கள் மேல் ஏதாவது வருத்தமா என்று கேட்டார். சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். அதில் ஒட்டிவிட்டால் ஊரில் உள்ள அத்தனை பேரையும் கூப்பிட்டதாக அர்த்தம்.

இந்த ஒரு விஷயம் தெரியாமல் எங்களுக்கு ஒரு குளிர்காலம் போனது. உங்களுக்குப் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். விசா, வேலை, வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் எழுதப் பலர் இருக்கிறார்கள். பிரேரி என்று சொல்லப்படும் இந்தப் புல்வெளி நாட்டுச் சிற்றூரில் நாள்களைச் சந்தோஷமாகக் கழிப்பது எப்படி என்பது மட்டும்தான் இங்கே.

முதல் வாரம்: சாவி, அட்டை, நம்பர்

சிற்றூர்கள் பலவற்றில் தபால்காரர் வீட்டுக்கு வரமாட்டார். தபால் நிலையத்தில் பெட்டி எடுத்து, சாவி வாங்கிக்கொள்ள வேண்டும். இதை ஒரு சிரமமாக நினைக்காதீர்கள். காலையில் தபால் பிரித்து முடிக்கும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த நேரத்துக்கே போங்கள். ஊரில் பாதிப் பேரை அங்கே பார்க்கலாம். பலகையைப் படியுங்கள். கர்லிங் என்ற பனித்தரை விளையாட்டின் அணிகளுக்குப் பெயர் கொடுக்கும் நாள், ஹால் சாப்பாடு, காணாமல் போன நாய், இறுதிச் சடங்கு நேரம் எல்லாம் அதில்தான். போனில் படம் எடுத்து, தேதிகளை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நூலகம். சின்ன ஊர்க் கிளைகள் வாரத்தில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். ஆனால் அட்டை இலவசம், மாகாணம் முழுவதற்கும் ஒரே புத்தகப் பட்டியல். எந்த ஊரில் இருக்கும் புத்தகத்தையும் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். 2017-இல் மாகாண அரசு வட்டார நூலகங்களுக்கான பணத்தை வெட்டியபோது, மக்கள் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்து படித்தே எதிர்ப்புக் காட்டினார்கள். சில வாரங்களில் அரசு பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. இந்த ஊர்களுக்கு நூலகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது போதும்.

அப்புறம் கோ-ஆப். ஊரில் மளிகைக் கடையோ பெட்ரோல் பங்க்கோ கோ-ஆப் ஆக இருந்தால், சிறு தொகை கட்டி உறுப்பினராகிவிடுங்கள். பில் போடும்போது உங்கள் நம்பரைக் கேட்பார்கள். லாபம் வரும் வருடங்களில், வாங்கிய அளவுக்கு ஏற்ப உங்களுக்கும் பங்கு வரும். கூட்டுறவு என்பது இந்த மண்ணில் பழைய பழக்கம். 1924-இல் கோதுமை விவசாயிகள் சேர்ந்து தங்கள் தானியத்தைத் தாங்களே விற்கக் கூட்டுறவு அமைத்தார்கள். 1962 ஜூலை 1 அன்று, கனடாவிலேயே முதலாவதாக எல்லோருக்குமான அரசு மருத்துவக் காப்பீட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்ததும் இந்த மாகாணம்தான். உங்கள் கையில் இருக்கும் சுகாதார அட்டை அப்படி வந்தது.

கடிகாரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சஸ்காட்சுவானின் பெரும்பகுதியில் கோடைக்காக நேரத்தை மாற்றுவதில்லை. அதனால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருடம் முழுக்கப் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். இங்கே இரவு 9 மணிக்குக் கூப்பிட்டால் அம்மா அங்கே காலை எட்டரைக்குக் காபி குடித்துக்கொண்டிருப்பார். டொராண்டோ சொந்தங்களோடு பேசுவதில்தான் கணக்கு மாறும். குளிர்காலத்தில் ஒரு மணி நேரம், கோடையில் இரண்டு.

திசை சொல்லிப் பழகுங்கள்

இங்கே வழி கேட்டால் இடம், வலம் என்று சொல்லமாட்டார்கள். வடக்கே மூன்று மைல், கிழக்கே ஒரு மைல் என்பார்கள். நாடு அளப்பது கிலோமீட்டரில், இவர்கள் பேசுவது மைலில். காரணம் நிலத்திலேயே இருக்கிறது. 1871-இல் தொடங்கிய நில அளவையில் இந்தச் சமவெளி முழுவதையும் ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரங்களாக வெட்டினார்கள். ஒரு சதுரம் 640 ஏக்கர், அதற்கு செக்‌ஷன் என்று பெயர். அதில் கால் பங்கு 160 ஏக்கர், அது ஒரு குவார்ட்டர். 1872 சட்டப்படி பத்து டாலர் கட்டணம் கட்டி, குடியிருந்து, உழுது காட்டியவர்களுக்கு ஒரு குவார்ட்டர் கிடைத்தது. இன்றும் விவசாயி தன் நிலத்தை ஏக்கரில் சொல்வதைவிடக் குவார்ட்டரில்தான் சொல்வார். வடக்கு தெற்காக ஒவ்வொரு மைலுக்கும், கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒருமுறையும் சாலைக்கு இடம் விட்டிருப்பார்கள். அதில் போட்ட சரளைச் சாலைகளுக்கு கிரிட் என்று பெயர். ஓடோமீட்டரைப் பார்த்து எண்ணிக்கொண்டே போனால் வழி தவறவே தவறாது.

ஒரு எச்சரிக்கை. பூமி உருண்டை என்பதால் வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கும். அதைச் சரிக்கட்ட, நேராகப் போகும் கிரிட் சில இடங்களில் சட்டென்று பக்கவாட்டில் ஒடியும். இரவில் வேகமாக வந்தால் நேரே வயலுக்குள் போய்விடுவோம். சரளையில் மெதுவாகப் போங்கள், மேடேறும்போது வலது ஓரம் ஒட்டுங்கள். மழை பெய்தால் சரளை போடாத மண் சாலையில் காலே வைக்காதீர்கள். கம்போ என்று சொல்லும் அந்தக் களிமண் சக்கரத்தை விடாது.

எதிரே வண்டி வந்தால், ஸ்டீயரிங்கைப் பிடித்த கையில் ஆள்காட்டி விரலை மட்டும் லேசாக உயர்த்துவார்கள். தெரிந்தவரா இல்லையா என்ற கேள்வியே இல்லை. நீங்களும் உயர்த்துங்கள். வந்த புதிதில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது இதுதான், இன்றும் பிடித்திருக்கிறது.

இந்தச் சதுரங்களுக்கு முன்பும் இங்கே மக்கள் இருந்தார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கிரீ உள்ளிட்ட முதற்குடி மக்களோடு அரசு செய்த நில உடன்படிக்கைகளில் நான்காவது தெற்கில் 1874-இலும், ஆறாவது நடுப்பகுதியில் 1876-இலும் கையெழுத்தாயின. ஊர்க் கூட்டங்களின் தொடக்கத்தில் அதைச் சொல்வார்கள். கோடையில் பொதுமக்களை வரவேற்கும் பவ்வாவ் என்ற அவர்களின் ஆட்ட விழா நடந்தால் குடும்பத்தோடு போங்கள். ஆடுபவர்கள் ஊர்வலமாக உள்ளே வரும்போது எழுந்து நில்லுங்கள். அவர்கள் அணிந்திருப்பதைத் தொடாதீர்கள், படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

காதில் விழும் சொற்கள்

தொப்பி வைத்த ஸ்வெட்டருக்கு இங்கே பன்னிஹக் என்று பெயர். கனடாவில் வேறெங்கும் இந்தச் சொல் செல்லாது. பள்ளிக்கூடத்திலிருந்து அது வேண்டும் என்று சீட்டு வந்தால் குழம்ப வேண்டாம். டின்னர் என்பது பெரியவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு சப்பர். டின்னருக்கு வாருங்கள் என்றால் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள். ஸ்லூ என்றால் வயல் நடுவில் தேங்கும் குட்டை. ப்ளஃப் என்றால் மேடு இல்லை, மரத்தோப்பு. எண்பது வயதுக்காரரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நம் வாய்க்கு அது லேசில் வராது. ஆனால் சார், மேடம் என்று சொன்னால் நாம்தான் தள்ளி நிற்பதாக அவர்களுக்குப் படும்.

ஹாலுக்குப் போவது

அறுவடை முடியும் அக்டோபர் வாக்கில் பலகையில் ஃபவுல் சப்பர் என்று ஒரு நோட்டீஸ் தொங்கும். வான்கோழிச் சாப்பாடு. டிக்கெட் வாங்கி யார் வேண்டுமானாலும் போகலாம். பக்கத்து ஊர்க்காரர்களும் வருவார்கள். நாலரைக்கு ஒரு பந்தி, ஐந்தரைக்கு ஒரு பந்தி என்று நம் ஊர் போலவே பந்தி வைப்பார்கள். வான்கோழி, மசித்த உருளைக்கிழங்கு, கிரேவி. உக்ரைனியக் குடியேறிகளின் வழிவந்த ஊர் என்றால் முட்டைக்கோஸ் இலையில் சோறு வைத்துச் சுருட்டியதும், கொழுக்கட்டை போல மாவுக்குள் உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த பெரோகியும் உண்டு. கடைசியில் பை (pie) என்ற இனிப்பு. சைவம் சாப்பிடுபவர்களுக்கும் வயிறு நிறையும், ஆனால் பெரோகி மேல் போடும் வெங்காயத்தில் பன்றிக்கொழுப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் தடவை சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். இரண்டாம் தடவை, சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போங்கள். அங்கேதான் ஊர் இருக்கிறது. பந்திக்கும் சமையலறைக்கும் நடுவே ஜன்னல் போல ஒரு திறப்பு, அதன் வழியே பாத்திரங்கள் போய்வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் சுட்டு எடுத்துவந்த வான்கோழிகள் மின்சார ரோஸ்டர்களில் சூடாக வரிசையில் நிற்கும். ஒருவர் கழுவ, நான்கு பேர் துடைப்பார்கள். கதவுக்குப் பின்னால் ஆணியில் துண்டுகள் தொங்கும். ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பியுங்கள், அவ்வளவுதான். யாரும் நன்றி சொல்லமாட்டார்கள், பேர் கேட்பார்கள். நான் துடைத்த முதல் நாளில் இருபது நிமிடத்துக்குள் ஊரில் யார் யாருக்கு மச்சான், எந்த வீடு விற்பனைக்கு வருகிறது, குழந்தைக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பவர் யார் என்பது வரை தெரிந்துகொண்டேன். ஆண்களும் துடைக்கிறார்கள், தயக்கம் வேண்டாம்.

பாட்லக் என்றால் ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுபோக வேண்டும். பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டி உங்கள் பெயரை எழுதுங்கள், இல்லையென்றால் அது ஊர் சுற்றிவிட்டுத்தான் திரும்பும். பதார்த்தத்தின் பெயரையும், அதில் வேர்க்கடலை, முந்திரி இருக்கிறதா என்பதையும் ஒரு சீட்டில் எழுதி முன்னால் வையுங்கள். காரம் பாதி போதும். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்குப் பொடிமாஸ் இரண்டும் சீக்கிரம் காலியாகும்.

எங்களுக்கு வழி திறந்தது வடை. என் மனைவி மைசூர் பருப்பை ஊறவைத்து அரைத்து, வெங்காயமும் சோம்பும் போட்டுச் சுட்ட வடை. எழுபது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவர் அதைப் பிட்டு, உள்ளே இருந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்துவிட்டு இது எந்தப் பருப்பு என்று கேட்டார். நீங்கள் விளைவிக்கிறதுதான் என்றாள். கனடாவில் விளையும் மைசூர் பருப்பில் பெரும்பகுதி இந்த மாகாணத்தில்தான். சஸ்காட்சுவான் பல்கலைக்கழகத்தில் ஆல் ஸ்லிங்கார்டு உருவாக்கிய லேர்ட் என்ற பருப்பு ரகம் 1978-இல் வெளிவந்தது. அதன் பிறகுதான் இங்கே பருப்பு விவசாயம் பரவியது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறும் மைசூர் பருப்பில் நிறைய இந்த வயல்களிலிருந்துதான் போகிறது. அந்த மனிதர் பல வருடங்களாக அதை விதைத்து அறுத்து விற்கிறார், சூப்பில் தவிர வேறு எதிலும் சாப்பிட்டதில்லை. நான்கு வடை சாப்பிட்டார். அடுத்த வாரம் எங்கள் வாசலில் ஒரு பெரிய வாளி நிறையப் பருப்பு இருந்தது. உடைக்காத முழுப் பருப்பு, தோலோடு, சாம்பல் பூத்த பழுப்பு நிறம். ஊறவைத்துக் கையால் தேய்த்தால் தோல் கழன்று, அந்த ஆரஞ்சு எட்டிப்பார்க்கிறது.

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்பது இங்கேயும் பொருந்தும். இறுதிச் சடங்குக்குப் பிறகு ஹாலில் சாண்ட்விச்சும், டெய்ன்டீஸ் என்று சொல்லும் சின்னச் சின்ன இனிப்புகளும் காபியும் இருக்கும். இறந்தவரோடு ஒரு தடவை பேசியிருந்தாலே போதும், போங்கள். போனதை அந்தக் குடும்பம் மறக்காது.

குளிர்காலத்துக்கு ஒரு கல்

வண்டியின் முன்பக்கம் ஒரு மின்கம்பி தொங்கும். பிளாக் ஹீட்டர். குளிர் மைனஸ் 15-க்குக் கீழே போனால் இரவில் அதைச் செருகிவிடுங்கள். டைமர் வைத்து, கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு ஓடவிட்டாலும் போதும். வண்டியில் போர்வை, மண்வாரி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, தின்ன ஏதாவது வையுங்கள். கிளம்பும் முன் மாகாணத்தின் ஹைவே ஹாட்லைனில் சாலை நிலவரம் பாருங்கள். பனியில் மாட்டிக்கொண்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்காதீர்கள். இஞ்சினை ஓட்டுவதென்றால் புகைக்குழாயை அடைத்த பனியை முதலில் தள்ளுங்கள். விடியும்போது உங்கள் வாசல் பனியை யாரோ தள்ளிவிட்டுப் போயிருந்தால் காசு நீட்டாதீர்கள். யார் என்று கண்டுபிடித்து, ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு போங்கள்.

சரி, பாதுகாப்பு முடிந்தது. இனி கர்லிங்.

இது இந்த மாகாணத்தின் அதிகாரபூர்வ விளையாட்டு. 1998-இல் ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்கில் பெண்கள் கர்லிங்கில் தங்கம் வென்ற அணித்தலைவி சாண்ட்ரா ஷ்மிர்லர், பிகர் என்ற சின்ன ஊரிலிருந்து வந்தவர். நம் தெருக்களில் கிரிக்கெட் எப்படியோ, இங்கே இது அப்படி. அணிக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு கல். ஒவ்வொன்றும் 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவான கருங்கல். பார்த்துப் பயப்பட வேண்டாம், அதைத் தூக்குவதே இல்லை, பனித்தரையில் தள்ளுவதுதான். ஒரு காலில் வழுக்கும் அட்டை மாட்டி, குனிந்து, கைப்பிடியை லேசாகத் திருப்பி விட வேண்டும். பனித்தரை கண்ணாடி போல இருக்காது. தண்ணீரைப் பொடித்துளியாகத் தூவி உறையவைத்திருப்பதால் அம்மை போட்டது போல மேடு மேடாக இருக்கும். கல் அதன் மேல் போகும்போது கரகரவென்று ஒரு ஓசை வரும். முன்னால் இரண்டு பேர் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். தேய்த்தால் உராய்வு குறைந்து கல் இன்னும் தூரம் போகும், வளைவதும் குறையும்.

அக்டோபரில் அணிகளுக்கு ஆள் எடுப்பார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியே பெயர் கொடுங்கள். நான்காவது ஆள் கிடைக்காத அணி எப்போதும் ஒன்று இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் குனியாமல் கம்பால் தள்ளி ஆடலாம். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எல்லோரும் கை கொடுத்துக்கொள்வார்கள். சாதாரண லீக் ஆட்டங்களில் நடுவரே கிடையாது. கல்லில் தெரியாமல் கால் பட்டுவிட்டால் பட்டவரே சொல்லிவிடுவார். முடிந்ததும் மேலே போய், ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு ஒரு பானம் வாங்கிக் கொடுப்பது வழக்கம். குடிக்காதவர்கள் காபி கேட்கலாம்.

பனி உருகிய பிறகு

ஏப்ரலில் உழாத மேடுகளில் ஊதா நிறத்தில், ரோமம் மூடிய தண்டோடு குரோக்கஸ் பூக்கும். மே மாதம் விதைப்பு. அப்போது விவசாயிகளிடம் எந்த உதவியும் கேட்காதீர்கள், செப்டம்பர் அறுவடையிலும் அப்படியே. பருப்பு விதைத்த வயலில் பெரிய உருளையை இழுத்துப் போவதைப் பார்க்கலாம். காய்கள் தரையை ஒட்டித் தொங்குவதால், அறுவடை இயந்திரத்தில் கல் ஏறாமல் இருக்க இப்போதே கல்லை மண்ணுக்குள் அழுத்திவிடுகிறார்கள். ஜூன் கடைசியில் இரவு ஒன்பதரைக்குத்தான் சூரியன் மறையும். ஜூலையில் கனோலா என்ற எண்ணெய்ப் பயிரின் மஞ்சள். ஆளி வயல்களைக் காலையில் போய்ப் பாருங்கள், அந்த நீலப் பூ மத்தியானத்துக்குள் உதிர்ந்துவிடும். செந்நிற லில்லி மாகாணத்தின் மலர், பறிப்பது சட்டப்படி தவறு.

படம் எடுக்க வயலுக்குள் இறங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். 2022 ஜனவரி 1 முதல், வேலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், உரிமையாளரிடம் கேட்காமல் விவசாய நிலத்துக்குள் போகக் கூடாது. கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். கேட்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கனோலாவின் வேரை வீங்கவைத்துக் கெடுக்கும் நோய் ஒன்று, செருப்பு மண்ணில் ஒட்டிக்கொண்டே வயல் விட்டு வயல் போகும்.

ஜூலையில் சஸ்கடூன் பெர்ரி பழுக்கும். சஸ்கடூன் நகரத்தின் பெயரே கிரீ மொழியில் இந்தப் பழத்தின் பெயரிலிருந்து வந்தது. கருநீலம், நாவற்பழத்தின் துவர்ப்பில் கொஞ்சம், பாதாம் வாசனை கொஞ்சம். ஐஸ்கிரீம் வாங்கினால் வரும் நான்கு லிட்டர் பிளாஸ்டிக் வாளியைத் தூக்கி எறியாதீர்கள். அதன் கைப்பிடியில் பெல்ட்டைக் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டால் இரண்டு கையாலும் பறிக்கலாம். நீளக்கை சட்டை போடுங்கள், கொசு பிடுங்கி எடுத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் உடம்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பெர்ரி இருக்கும் இடத்தை யாராவது உங்களுக்குச் சொன்னால், அதை அடுத்தவருக்குச் சொல்லும் முன் அவரிடம் கேளுங்கள்.

இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை லாஸ்ட் மவுண்டன் ஏரிக்கு ஒதுக்குங்கள். வட அமெரிக்காவின் முதல் அரசுப் பறவைகள் சரணாலயம், 1887-இல் அமைந்தது. தெற்கே போகும் மணல்மேட்டுக் கொக்குகளும் பனி வாத்துகளும் அங்கே இறங்கும். கொக்குகள் கண்ணுக்குத் தெரியும் முன்பே வானத்திலிருந்து அந்தக் கரகர சத்தம் கேட்கும்.

இரவு பதினொரு மணி போன்

எங்கள் வீட்டுக்கு இரவு பதினொன்றுக்கு முதல் போன் வந்தபோது ஊரில் யாருக்கோ என்னவோ என்று பதறி எடுத்தேன். பக்கத்து வீட்டு அம்மாதான். வெளியே போய் வடக்கே பார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார், அடுத்த வீட்டுக்குச் சொல்ல வேண்டுமாம். குழந்தைகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு போனோம். வானத்தின் அடியில் வெளுத்த பச்சையாக ஒரு வளைவு. முதலில் மேகம் என்றே நினைத்தேன். பிறகு அது திரைச்சீலை போல மடிந்து, ஓரம் சிவந்து, தலைக்கு மேல் வரை ஏறியது. சத்தமே இல்லை.

துருவ ஒளிக்கு மார்ச், செப்டம்பர் மாதங்கள் நல்ல வாய்ப்பு. வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள், ஊர் விளக்குகளைத் தாண்டி ஒரு மைல் போனால் இன்னும் நல்லது. கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடமாவது கொடுங்கள். கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிவது போன் கேமராவில் பச்சையாக விழும். பூட்ஸ், தொப்பி, கையுறை எல்லாம் கதவருகே தயாராக இருக்கட்டும். அப்புறம் உங்கள் போனில் இரண்டு பக்கத்து வீட்டு நம்பர்களும் இருக்கட்டும். அடுத்த தடவை முதலில் பார்ப்பது நீங்களாக இருந்தால், எத்தனை மணி ஆனாலும் கூப்பிட்டுச் சொல்லலாம்.